ஜெர்மனியின் பழைய சரக்கு நீராவி இஞ்சின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜெர்மன் ரயில்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எல்லாரும் எக்ஸ்பிரஸ் இஞ்சின் கதைகளைத்தான் எதிர்பார்ப்பார்கள். என் மனசு போவது கூட்ஸ் இஞ்சின்கள் பக்கம். கரியும் இரும்பும் தானியமும் இழுத்து ரயில்வேக்குச் சோறு போட்டவை அவை. மாடல் ரயில் சேர்க்கும் நண்பர்களும், பழைய படம் ஒன்றைக் காட்டி விவரம் கேட்கும் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, 1835-லிருந்து முதல் உலகப் போர்க் காலம் வரைக்குமான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சரக்கு இஞ்சின், பயணிகள் இஞ்சின் ரெண்டும் வேற வேறயா? இஞ்சின்னா இஞ்சின்தானே?

ஆரம்பத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. எந்த இஞ்சின் கையில் இருந்ததோ அதைப் பூட்டி இழுத்தார்கள். ஒரே வண்டியில் ஆட்கள் ஏறும் பெட்டியும் சரக்கு வேகனும் கலந்து போவது சாதாரணம். 1840களில் சரக்கு பெருகியதும் இரண்டும் பிரிய ஆரம்பித்தன.

பயணிகள் வண்டிக்கு வேகம் வேண்டும், சரக்கு வண்டிக்குப் பிடிப்பு வேண்டும். கொதிகலன், சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. வேறுபாடு சக்கரத்தின் உயரத்திலும், எத்தனை சக்கரங்களைச் சேர்த்துச் சுழற்றுகிறார்கள் என்பதிலும், இஞ்சினின் எடை எந்தச் சக்கரங்கள் மேல் உட்காருகிறது என்பதிலும் இருக்கிறது.

ஜெர்மனியோட முதல் ரயில்ல சரக்கு ஏத்தினாங்களா?

நியூரம்பெர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு 1835 டிசம்பர் 7 அன்று ஓடிய ஆட்லர் இஞ்சின் ஆட்களை ஏற்றிப்போவதற்காக வந்தது. பாதையின் நீளமே 6 கிலோமீட்டர்தான். கரி விலை அதிகம் என்பதால் பல நடைகளைக் குதிரைகளே இழுத்தன.

முதல் சரக்கு என்று எல்லாரும் சொல்வது 1836 ஜூலை 11 அன்று போன இரண்டு பீர்ப் பீப்பாய்களை. நியூரம்பெர்க்கின் லீடரர் மதுவடிசாலையிலிருந்து ஃபூர்த்துக்குப் போனவை. தனிச் சரக்கு வண்டி கிடையாது, பயணிகளோடு சேர்ந்துதான் போயின. பின்னாளில் ஆயிரக்கணக்கான டன் கரி ஓடிய நாட்டில் தொடக்கம் இரண்டு பீப்பாய் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

ஜெர்மன்காரங்களே செஞ்ச இஞ்சினா அது, இல்ல வெளியிலிருந்து வந்ததா?

ஆட்லர் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராபர்ட் ஸ்டீஃபன்சன் பட்டறையில் செய்தது. முதலில் பல பாதைகளில் ஆங்கில இஞ்சின்கள்தான். அமெரிக்காவிலிருந்தும் வாங்கினார்கள். வூர்ட்டம்பெர்க் அரசு ரயில்வே 1845-இல் தொடங்கியபோது அதன் முதல் இஞ்சின்கள் பிலடெல்பியாவிலிருந்து வந்தன.

உள்ளூரில் செய்து உருப்படியாக ஓடிய முதல் இஞ்சின் சாக்சோனியா. டிரெஸ்டன் அருகே ஊபிகாவில் பேராசிரியர் யோகான் ஆண்ட்ரியாஸ் ஷூபர்ட் 1838-இல் கட்டியது. 1839 ஏப்ரலில் லைப்சிக்–டிரெஸ்டன் பாதை முழுதாகத் திறக்கப்பட்டபோது ஆங்கில இஞ்சின்கள் விழா வண்டிகளை இழுத்தன. பின்னால் சாக்சோனியாவை ஷூபர்ட் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு ஜோடிச் சக்கரங்கள் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருந்தன. சரக்கு இஞ்சின் போன பாதையில் முதல் அடி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1841-இல் மூன்று பட்டறைகள் களத்தில் இறங்கின: பெர்லினில் போர்சிக், மியூனிக்கில் மாஃபை, கார்ல்ஸ்ரூவில் கெஸ்லர். கெஸ்லர் அடுத்து எஸ்லிங்கனில் ஒரு தொழிற்சாலை நிறுவினார். சாக்சனியில் கெம்னிட்ஸ் நகரின் ஹார்ட்மான் 1848-இல் தன் முதல் இஞ்சினை வெளியே விட்டார். போர்சிக் 1858-இல் ஆயிரமாவது இஞ்சினைக் கட்டிவிட்டது. பதினேழே வருடத்தில் ஆயிரம்!

ஜெர்மனின்னு ஒரு நாடே அப்ப இல்லையே, பிறகு எப்படி 'ஜெர்மன் இஞ்சின்'?

நல்ல கேள்வி. 1871 வரை தனித்தனி அரசுகள்தான். பவேரியாவுக்கு ஒரு ரயில்வே, சாக்சனிக்கு ஒன்று, வூர்ட்டம்பெர்க்குக்கு ஒன்று. பிரஷ்யாவில் பெரும்பாலும் தனியார் கம்பெனிகள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பட்டறையில் தங்களுக்குப் பிடித்த மாதிரி செய்யச் சொல்லி வாங்கினார்கள். ஒரே வேலைக்கு ஐம்பது விதமான இஞ்சின் உருவானதற்கு இது முக்கியக் காரணம். 1871-க்குப் பிறகும் அரசு ரயில்வேக்கள் தனித்தனியாகவே நடந்தன, 1920 வரைக்கும். கீழே "பவேரிய", "பிரஷ்ய" என்று நான் எழுதுவது அதனால்தான்.

சின்னச் சக்கரம் எப்படி அதிகமா இழுக்கும்? பெரிசுக்குத்தானே பலம்?

சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இது உடனே புரியும். மேட்டில் ஏறும்போது லேசான கியர் போடுகிறோம். நிறைய மிதிக்கிறோம், கொஞ்ச தூரம் நகர்கிறோம், ஆனால் ஏறிவிடுகிறோம். இஞ்சினுக்கு கியர் கிடையாது. பிஸ்டன் ஒருமுறை போய்வந்தால் சக்கரம் ஒரு சுற்று. அதனால் சக்கரத்தின் உயரம்தான் அதன் கியர்.

பாடன் ரயில்வேயின் ஃபீனிக்ஸ் என்ற 1863-ஆம் வருட எக்ஸ்பிரஸ் இஞ்சினின் இயக்குச் சக்கரம் 2.13 மீட்டர், ஆளை விட உயரம். ஒரு சுற்றுக்கு 6.7 மீட்டர் பாயும். பிரஷ்யாவின் ஜி 3 சரக்கு இஞ்சினின் சக்கரம் 1.34 மீட்டர். ஒரு சுற்றுக்கு 4.2 மீட்டர்தான். அதே சிலிண்டர், அதே நீராவி அழுத்தம் என்றால், சின்னச் சக்கரக்காரன் மெதுவாகப் போவான், ஆனால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இழுப்பான்.

சக்கரங்களை வெளியில ஒரு இரும்புத் தண்டால கோர்த்திருக்காங்களே, அது எதுக்கு?

பிஸ்டன் நேராகச் சுழற்றுவது ஒரு ஜோடிச் சக்கரத்தை மட்டும். அந்த ஜோடி தனியாக இருந்தால், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எடைதான் தண்டவாளத்தில் பிடிப்புக் கொடுக்கும். மற்றச் சக்கரங்கள் சும்மா உருளும், இழுப்பில் பங்கு கிடையாது. பக்கத்துச் சக்கரத்தை இணைப்புத் தண்டால் கோர்த்துவிட்டால் அதுவும் சேர்ந்து சுற்றும், அதன் மேலுள்ள எடையும் இழுப்புக்குப் பயன்படும்.

எந்த ரயில் அருங்காட்சியகத்திலும் இந்தத் தண்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பக்கத்துத் தண்டு கீழே இருக்கும்போது மறுபக்கத்துத் தண்டு நடுவில் நிற்கும், கால் சுற்று வித்தியாசத்தில். இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருந்தால் பிஸ்டன் முட்டும் இடத்தில் இஞ்சின் அசையாமல் நின்றுவிடும். தண்டின் முனையில் பித்தளையில் ஒரு சின்ன எண்ணெய்க் கிண்ணம் தெரியும். டிரைவர் ஒவ்வொரு நடைக்கு முன்பும் எண்ணெய்க் குவளையோடு சுற்றி வந்து நிரப்புவார்.

1ஏ1, பி, சி, டின்னு எழுதுறாங்களே, அதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

ஜெர்மன்காரர்கள் அச்சுகளை எண்ணுவார்கள். இழுக்கும் அச்சுகளுக்கு எழுத்து: ஒன்று என்றால் ஏ, கோர்த்த இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி, ஐந்து ஈ. சும்மா உருளும் அச்சுகளுக்கு எண். ஆட்லர் 1ஏ1: முன்னால் ஒன்று சும்மா, நடுவில் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று சும்மா. சாக்சோனியா பி1.

நம் ஊரில் பழகியது சக்கரங்களை எண்ணும் ஆங்கில முறை. அதில் 0-6-0 என்பது இங்கே சி, 0-8-0 என்பது டி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் சரக்கு இஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'சி' என்று சொல்லலாம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அப்படி ஒரு இஞ்சின் எத்தனை டன் இழுக்கும்?

வாங்க, கணக்குப் போட்டே பார்ப்போம். மூன்று அச்சும் கோர்த்த இஞ்சின் ஒன்று 36 டன் என்று வைத்துக்கொள்வோம். எடை முழுக்க இழுக்கும் சக்கரங்கள் மேல். சாதாரண நிலையில் அதில் ஆறில் ஒரு பங்கு இழுப்பாகக் கிடைக்கும், அதாவது 6,000 கிலோ.

சமதளத்தில் மெதுவாகப் போகும் ஒரு டன் வண்டியை உருட்ட 4 கிலோ இழுப்பு போதும். ஆக 1,500 டன் வரை நகர்த்தலாம். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் பாதையில் டன்னுக்கு இன்னும் 10 கிலோ கூடும். 6,000-ஐ 14-ஆல் வகுத்தால் 430 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 40-க்கு 1 ஏறினால் டன்னுக்கு 29 கிலோ, மொத்தம் 207 டன். இதில் இஞ்சினும், அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் வண்டியும் மட்டுமே 60 டன் இருக்கும். மிச்சம் 147 டன். சரக்கோடு 17 டன் எடையுள்ள வேகன் என்றால் எட்டுத்தான்! சமதளத்தில் எண்பது வேகனுக்கு மேல் நகர்த்திய அதே இஞ்சின். மேடு என்றால் ரயில்வேக்காரர்கள் ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்பது இப்போது தெரியும்.

சமதளக் கணக்கு காகிதத்துக்குத்தான். நடப்பில் பிரேக்கும், வேகன்களைப் பிணைக்கும் கொக்கியின் பலமும், ஸ்டேஷன் பாதையின் நீளமும் அதற்கு முன்பே தடுத்துவிடும்.

மழை பெய்தா சக்கரம் வழுக்காதா?

வழுக்கும். லேசான தூறல்தான் மோசம், அதோடு தண்டவாளத்தில் விழுந்து நசுங்கிய இலை. மேலே சொன்ன ஆறில் ஒரு பங்கு அப்போது பத்தில் ஒன்றாகக் கூட இறங்கும். சக்கரம் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றும். டிரைவர் உடனே நீராவியைக் குறைக்க வேண்டும்.

மருந்து மணல். கொதிகலன் முதுகில் இரண்டு மூன்று மேடுகள் தெரியுமே, அதில் ஒன்று மணல் பெட்டி. அங்கே வைத்தால் கொதிகலன் சூட்டில் மணல் காய்ந்தே இருக்கும், கட்டியாகாது. குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் விழும். ரொம்ப எளிய யோசனை, இன்றைய மின்சார இஞ்சின்களிலும் இருக்கிறது.

மலைப்பாதையில எப்படி ஏத்தினாங்க?

முதலில் இஞ்சினை நம்பவே இல்லை. ஹார்ஸ் மலையடிவாரத்தில் ஃபீனன்பூர்க்கிலிருந்து ஹார்ஸ்பூர்க்குக்கு 1841-இல் போட்ட பாதையில் 1843 வரை மேல்நோக்கி இழுத்தவை குதிரைகள். டுசல்டார்ஃப்–எல்பர்ஃபெல்ட் பாதையில் எர்க்ராத்துக்கும் ஹோக்தாலுக்கும் நடுவே 30-க்கு 1 ஏற்றம், இரண்டரை கிலோமீட்டர். அங்கே கிணற்றில் வாளி இறைக்கும் அதே உத்தி: உச்சியில் கப்பி, கயிற்றின் ஒரு முனையில் ஏறும் வண்டி, மறு முனையில் பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்கும் இஞ்சின். 1841-இல் தொடங்கிய இந்தக் கயிற்று வேலை 1926 வரை நடந்தது.

பவேரியா வேறு முடிவு எடுத்தது. நொயன்மார்க்ட்–மார்க்ட்ஷோர்காஸ்ட் நடுவே 1848-இல் திறந்த 'ஷீஃபே எபெனே' என்ற ஏற்றம் 6.8 கிலோமீட்டரில் 158 மீட்டர் ஏறுகிறது, கிட்டத்தட்ட 40-க்கு 1. கயிறு இல்லாமல் பின்னாலிருந்து இன்னொரு இஞ்சின் தள்ளியது. இதற்காகவே மூன்று அச்சும் கோர்த்த சி 1 வகையை 1847-இல் வாங்கினார்கள். வூர்ட்டம்பெர்க்கின் கைஸ்லிங்கன் ஏற்றம் 1850-இல் திறந்தது. அங்கே தள்ளுவதற்கு எஸ்லிங்கனில் செய்த 'ஆல்ப்' வகை, அதுவும் சி. ஜெர்மனியில் மூன்று அச்சு கோர்க்கும் பழக்கத்தை ஊன்றிவிட்டவை இந்த ஏற்றங்கள்தான்.

இஞ்சினோட எடையே மேட்டுல பாரம்தானே? எடையைக் கூட்டினா லாபமா நஷ்டமா?

இழுக்கும் சக்கரம் மேல் உட்காரும் எடை லாபம். வெறுமனே உருளும் எடை நஷ்டம். மேலே போட்ட கணக்கில் டெண்டர் 24 டன். பிடிப்புக்கு ஒன்றும் தராமல் தானும் ஏறுகிறது. அந்த எடையையும் வேலை வாங்க முடியாதா என்று பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

1851-இல் ஆஸ்திரியாவின் செமரிங் மலைப்பாதைக்காக ஒரு போட்டி நடந்தது. நான்கு இஞ்சின்கள் வந்தன. 20,000 டுகாட் பொற்காசு முதல் பரிசை மியூனிக் மாஃபையின் 'பவேரியா' தட்டிச் சென்றது. டெண்டரின் சக்கரங்களையும் சேர்த்துச் சங்கிலியால் கோர்த்து எல்லாவற்றையும் இழுக்க வைத்த இஞ்சின் அது. போட்டியில் வென்றது, தினசரி வேலையில் சங்கிலிகள் தாங்கவில்லை. மற்ற மூன்றும் கூட அந்தப் பாதையில் நிலைக்கவில்லை. அவற்றிலிருந்து கற்றுக்கொண்டு வில்ஹெல்ம் எங்கெர்த் டெண்டரின் சட்டத்தை இஞ்சினோடு பிணைத்து ஒரு புது வடிவம் போட்டார். செமரிங்கின் முதல் எங்கெர்த் இஞ்சின்களில் ஒரு பங்கைச் செய்துகொடுத்தது எஸ்லிங்கன்.

எல்லாம் கரியிலதானே ஓடிச்சு?

இல்லை. முதல் வருடங்களில் கோக்தான், அதாவது சுட்டுப் புகை நீக்கிய கரி. பச்சை நிலக்கரி போட்டால் புகை மூட்டமும் பொறியும் தாங்காது, அதை ஒழுங்காக எரிக்கும் அடுப்பமைப்பும் அப்போது இல்லை. அடுப்பு மேம்பட்ட பிறகு விலை குறைவான நிலக்கரிக்கு மாறினார்கள்.

பவேரியாவின் கதை தனி. அங்கே நல்ல கரி கிடைக்காது, தூரத்திலிருந்து வாங்கினால் விலை கட்டாது. சதுப்பு நிலம் நிறைய உண்டு. செடிகொடிகள் மக்கி உண்டான 'பீட்' என்ற மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். மியூனிக்குக்கும் ஆக்ஸ்பர்க்குக்கும் நடுவிலுள்ள ஹாஸ்பெல்மோரில் இதற்காகவே பெரிய அளவில் வெட்டினார்கள். பீட் எடை குறைவு, இடம் அடைக்கும், நனைந்தால் எரியாது. அதனால் பவேரிய டெண்டர்களுக்குக் கூரை போட்டிருந்தார்கள். கூரை வைத்த டெண்டரைப் பழைய படத்தில் பார்த்தால் பவேரியா என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் மழையிலும் பனியிலும் திறந்த வெளியிலயா நின்னார்?

ஆமாம். முதல் இருபது வருடப் படங்களில் டிரைவரும் ஃபயர்மேனும் ஒரு கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் நிற்பார்கள். முன்னால் அடுப்புச் சூடு, முதுகில் குளிர்காற்று. பிறகு கண்ணாடி வைத்த ஒரு முன்தடுப்பு வந்தது, அதன் பிறகு கூரை, கடைசியில் பக்கச் சுவர். சாக்சனியின் ரயில் பொறியாளர் மாக்ஸ் மரியா ஃபோன் வேபர் 1862-இல் ஓட்டும் பணியாளர்களின் உடல்நல ஆபத்துகளைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். இஞ்சினைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர், அதன் மேல் நின்றவர்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்.

அவ்வளவு நீள வண்டியை எப்படி நிறுத்தினாங்க?

கையால். வேகன்களில் சிலவற்றுக்குக் கைப்பிரேக் உண்டு, அதன் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். வேகனின் ஒரு முனையில் கூரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ஒற்றையாள் கூண்டைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அவர் இடம். டிரைவரின் விசில்தான் கட்டளை. ஜெர்மன் விதிப்படி ஒரு குட்டை விசில் என்றால் பிரேக்கை அளவாகப் போடு, மூன்று குட்டை விசில் என்றால் இறுக்கிப் போடு, ஓரளவு நீண்ட இரண்டு விசில் என்றால் தளர்த்து.

ஜனவரி இரவில் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காற்று இரைச்சலில் முன்னாலிருந்து வரும் விசிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு, கேட்டதும் விறைத்த கையால் சுழல்பிடியைத் திருகுவது. அதுதான் ஒரு வேலை நாள். சரக்கு வண்டிகளுக்கு குன்ட்சே–க்னோர் காற்றழுத்த பிரேக் 1918-லிருந்துதான் வரத் தொடங்கியது. சரக்கு இஞ்சின்களின் வேகத்தை 45 கிலோமீட்டரில் வைத்திருந்ததில் சின்னச் சக்கரத்துக்குப் பாதிப் பங்கு என்றால் மீதிப் பங்கு இதற்கு.

சக்கரம் உடைஞ்சு விபத்து ஆகாதா?

ஆனது. சக்கரத்தைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை இருக்கும். ஆரம்பத்தில் அதை வளைத்து முனைகளைப் பற்றவைப்பார்கள். கனத்த பாரத்தில், குளிரில், பற்றவைத்த இடம் விட்டுப்போகும். எஸ்ஸனில் ஆல்ஃபிரட் க்ரூப் 1850களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். எஃகுக் கட்டையின் நடுவே பிளந்து, அந்தப் பிளவை விரித்து வளையமாக்கி, உருட்டாலையில் உருட்டினால் ஒட்டுப்போட்ட இடமே கிடையாது. க்ரூப் கம்பெனியின் அடையாளமான மூன்று வளையங்கள் இந்தச் சக்கரப் பட்டைகள்தான். பலர் பீரங்கி வாய் என்று நினைக்கிறார்கள், தவறு.

இஞ்சினுக்கெல்லாம் பேர் வச்சிருந்தாங்களாமே, சரக்கு இஞ்சினுக்குமா?

அதற்கும்தான். ஊர், ஆறு, மலை, அறிஞர் என்று பேர்கள். எண்ணிக்கை நூறுகளில் ஏறியதும் சமாளிக்க முடியவில்லை, எண்ணுக்கு மாறினார்கள்.

ஜி 3, ஜி 3ன்னு சொல்றீங்களே, அதுல அப்படி என்ன விசேஷம்?

பிரஷ்ய அரசு 1870களிலிருந்து தனியார் பாதைகளைத் தன்வசம் எடுக்கத் தொடங்கியது. கூடவே வந்து சேர்ந்தது விதவிதமான இஞ்சின் கூட்டம். ஒன்றின் உதிரிபாகம் மற்றதற்குப் பொருந்தாது. அதனால் எல்லாருக்கும் பொதுவான மாதிரி வரைபடங்களைப் போட்டார்கள். பயணிகளுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, டெண்டர் இல்லாமல் தண்ணீரும் கரியும் தானே சுமக்கும் சின்ன டேங்க் இஞ்சின் ஒன்று. எந்தப் பட்டறை செய்தாலும் அளவு ஒன்றே.

அந்தச் சரக்கு மாதிரிதான் 1877-இல் வந்த மூன்று அச்சு இஞ்சின். சிலிண்டர் விட்டம் 450 மில்லிமீட்டர், பிஸ்டன் போகும் தூரம் 630. அதில் புதுமை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் எந்தக் கிளைப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம், எந்த டிரைவரும் ஏறி ஓட்டலாம். 1896 வரை 2,000-க்கு மேல் செய்தார்கள். ருர் கரியும் சிலேசியக் கரியும் நாடு முழுக்கப் போனதில் இதற்குப் பெரிய கை உண்டு. அழகுப் போட்டி வைத்தால் தோற்றுவிடும், என் ஓட்டு அதற்குத்தான்.

1877 படத்துக்குக் கீழே 'ஜி 3'ன்னு போட்டிருக்கே, அப்பவே அந்தப் பேர் இருந்ததா?

இல்லை. எஸ் (எக்ஸ்பிரஸ்), பி (பயணிகள்), ஜி (சரக்கு), டி (டேங்க்) என்று வேலைவாரியாகப் பிரித்து வகை எண் கொடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, 1906-இல் எல்லா இஞ்சின்களுக்கும் புது எண் போட்டார்கள். அதற்கு முன் இஞ்சினில் எழுதியிருந்தது கோட்டத்தின் பேரும் ஒரு எண்ணும்தான். ஜி 3 என்ற பேரைப் பின்னால் வந்தவர்கள் பழைய இஞ்சினுக்கும் போட்டு எழுதுகிறார்கள், நானும் வசதிக்கு அதையே செய்திருக்கிறேன். தேசிய ரயில்வே 1925-இல் மறுபடி எண் மாற்றியபோது மூன்று அச்சுச் சரக்கு இஞ்சின்கள் 53 வரிசைக்கும், நான்கு அச்சு 55-க்கும் போயின. ஒரே இஞ்சினுக்கு மூன்று பேர் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ரெண்டு பக்கத்துச் சிலிண்டரும் வேற வேற அளவுல இருக்கே, தப்பா செஞ்சுட்டாங்களா?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். அது கூட்டு விரிவு இஞ்சின். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் ஒரு பக்கத்துச் சின்னச் சிலிண்டரில் வேலை செய்கிறது. வெளியே வரும்போதும் அதில் அழுத்தம் மிச்சம் இருக்கும். அதை வீணாக்காமல் மறுபக்கத்துப் பெரிய சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள். அழுத்தம் குறைந்த நீராவி அதே பலத்தோடு தள்ள வேண்டுமென்றால் பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும், அதனால்தான் அளவு வித்தியாசம்.

ஹன்னோவரில் ஆகஸ்ட் ஃபோன் போரீஸ் 1880-இல் இதை ஜெர்மனியில் தொடங்கி வைத்தார். சரக்கு இஞ்சின்களுக்கு நன்றாகப் பொருந்தியது, ஏனென்றால் மணிக்கணக்காக ஒரே சீராக இழுப்பதில்தான் இதன் கரி மிச்சம் தெரியும். கிளம்பும்போது மட்டும் சிக்கல்: பெரிய சிலிண்டருக்கு இன்னும் நீராவி வந்திருக்காது. கொதிகலனிலிருந்து அதற்கும் கொஞ்சம் நேராக விட ஒரு தனி வால்வு தேவைப்பட்டது.

மூணு அச்சு பத்தலைன்னா நாலு போட வேண்டியதுதானே? ஏன் அவ்வளவு லேட்?

வளைவுதான் பிரச்சினை. சட்டத்தில் அசையாமல் மாட்டிய நான்கு அச்சு, நீளமான மரப்பலகை மாதிரி. வளைவில் திரும்பாது, தண்டவாளத்தை ஒதுக்கித் தள்ளும். அச்சுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர இடம் விட்டுச் செய்யும் வழிகள் நம்பிக்கையாக வேலை செய்த பிறகுதான் துணிந்தார்கள். ஸ்டேஷனில் இஞ்சினைத் திருப்பும் வட்டமேடைகளும் சின்னவை.

பிரஷ்யாவில் 1893-இல் ஜி 7.1 வந்தது. நான்கு அச்சும் கோர்த்தது, சக்கரம் 1.25 மீட்டர்தான், இன்னும் குட்டை. ஆயிரத்துக்கு மேல் கட்டினார்கள். பிறகு 1910-இல் ஐந்து அச்சு ஜி 10.

ஜி 8-ஐ ஏன் எல்லாரும் கொண்டாடுறாங்க? அதுவும் நாலு அச்சுதானே?

அச்சு நான்குதான், நீராவி வேறு. அதற்கு முன்பு எல்லாரும் பயன்படுத்தியது ஈர நீராவி. 12 வளிமண்டல அழுத்தத்தில் அதன் சூடு ஏறத்தாழ 190 பாகை. சிலிண்டர் சுவரைத் தொட்டதும் ஒரு பகுதி தண்ணீராகிவிடும், இழுப்புக்கு உதவாது. காசலின் வில்ஹெல்ம் ஷ்மிட் அந்த நீராவியைச் சிலிண்டருக்குப் போகும் முன் சூடான புகைக்குழாய்கள் வழியாக இன்னொரு சுற்று அனுப்பி 300 பாகைக்கு மேல் சூடேற்றினார். காய்ந்த நீராவி உடனே தண்ணீராகாது. 1898-இல் முதல் சோதனை இஞ்சின்கள் ஓடின.

பெர்லினில் ராபர்ட் கார்பே இதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கூட்டு விரிவு தேவையில்லை, எளிய இரண்டு சிலிண்டரும் காய்ந்த நீராவியும் போதும் என்று வாதாடினார். 1902-இல் ஷ்டெட்டின் வுல்கான் பட்டறையில் செய்த ஜி 8 அந்த வாதத்தின் விளைவு. பழைய உயவெண்ணெய் அந்தச் சூட்டில் கருகியது, பழைய வால்வுகள் பிடித்துக்கொண்டன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1913-இல் அதன் கனத்த தம்பி ஜி 8.1 வந்தது. ஏறத்தாழ 5,000 கட்டப்பட்டு, பிரஷ்ய இஞ்சின்களிலேயே எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது.

பழைய படத்தைப் பார்த்து சரக்கு இஞ்சின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் சக்கரம். எல்லாம் ஒரே உயரம், ஆளின் நெஞ்சளவு, முன்னால் சின்னச் சக்கரம் இல்லை, தண்டு கடைசி வரை போகிறது என்றால் சரக்குதான். டெண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் கரியும் தன் மேலேயே சுமக்கும் டேங்க் இஞ்சின்களிலும் மூன்று அச்சு கோர்த்தவை உண்டு. அவை பெரும்பாலும் ஷண்டிங்குக்கும் கிளைப்பாதைக்கும் ஓடியவை, நீள நடைக்குப் போகாதவை. அடுத்து டெண்டரின் கூரை (பீட் பற்றிய பதில்), சிலிண்டர்களின் அளவு (கூட்டு விரிவு பற்றிய பதில்). இந்த நான்கைப் பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

இப்ப போனா எங்க பார்க்கலாம்?

நியூரம்பெர்க் ரயில் அருங்காட்சியகத்தில் 1853-ஆம் வருட 'நோர்ட்காவ்' நிற்கிறது. மாஃபை செய்தது. உள்ளே தெரியும்படி வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள், கொதிகலனுக்குள் குழாய்கள் வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். டிரெஸ்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் 'முல்டென்டால்' என் நெஞ்சுக்கு நெருக்கம். ஹார்ட்மான் 1861-இல் செய்தது, ட்சிவிக்காவ் கரிவயலில் 1950களின் தொடக்கம் வரை உழைத்தது. கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கரி!

ஷீஃபே எபெனே ஏற்றத்தின் அடிவாரத்திலேயே நொயன்மார்க்ட்டில் நீராவி இஞ்சின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போனால் ஏற்றத்தை ஒட்டி நடந்து பாருங்கள், 40-க்கு 1 என்பது காலுக்குத் தெரியும். டார்ம்ஸ்டாட்–கிரானிக்ஷ்டைன் அருங்காட்சியகத்தில் ஒரு ஜி 8 உண்டு. துருக்கியில் உழைத்து முடித்து 1980களில் ஊர் திரும்பியது. நேரில் போனால் அதன் பக்கத்தில் நின்று சக்கரத்தின் உயரத்தை உங்கள் நெஞ்சோடு அளந்து பாருங்கள்: 1.35 மீட்டர்.